பழம்பாறையின் பூர்வீகம் தேடுவோருக்கு: ஐசோடோப்பு வழியாக ஒரு தொடக்கம்

பாட்டியின் அட்டிகையை உருக்கிப் பேத்திக்கு வளையல் செய்கிறார்கள். வளையலுக்கு என்ன வயது? ஆசாரி தட்டி முடித்த நாளைக் கேட்டால் போன மாதம். அந்தத் தங்கம் வீட்டுக்கு வந்த நாளைக் கேட்டால் அறுபது வருடம். இரண்டும் சரியான பதில்தான், கேள்விதான் வேறு. பூமியின் மேலோட்டிலுள்ள பழைய பாறைகளில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) வேலைக்கு வருகிறவர்கள் முதலில் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நடக்கும் குழப்பங்களில் பாதிக்குமேல் ஒரு கேள்விக்குக் கிடைத்த எண்ணை இன்னொரு கேள்விக்குப் பதிலாக எழுதிவிடுவதால் வருபவை.

ஜியாலஜி படித்து இப்போதுதான் ஆய்வுக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு இலங்கையை எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வடமேற்குக் கரையையும் மூடியிருக்கும் சுண்ணாம்புக் கல்லை விட்டுவிட்டால் தீவின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறைதான். ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், இந்தப் பாறைகள் எல்லாம் மேலோட்டின் ஆழத்தில் வெந்து உருமாறின. வெந்தது ஒரே காலத்தில். ஆனால் வெந்த சரக்கு ஒரே இடத்துச் சரக்கா? கண்ணால் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. 1988இல் மிலிசெண்டா, லியூ, ஹாஃப்மன், குரோனர் ஆகிய நால்வரும் தீவு முழுக்கக் கல் எடுத்து நியோடிமியம் ஐசோடோப்பை அளந்தார்கள். நடுவில் இருக்கும் உயர்நிலத் தொகுதியின் சரக்கு 220 முதல் 300 கோடி ஆண்டு என்று காட்டியது. அதன் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவை 110 முதல் 200 கோடி ஆண்டு என்று காட்டின. கிழக்கே இருப்பது விஜயன் தொகுதி, மேற்கே இருப்பதை இப்போது வன்னித் தொகுதி என்கிறோம். வெவ்வேறு பூர்வீகம் கொண்ட நிலத்துண்டுகள் ஒட்டித்தான் அந்தச் சின்னத் தீவு உருவானது என்பது இப்படித்தான் துலங்கியது. எனக்கு இந்த வேலையின் மேல் இன்றும் குறையாத மதிப்பு உண்டு.

எந்தக் கடிகாரம் எதைச் சொல்லும்

சமாரியமும் நியோடிமியமும் அருமண் தனிமங்கள். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம், அதாவது மேன்டில், ஓரளவு உருகும்போது சமாரியத்தைவிட நியோடிமியம் உருகலுக்குள் கொஞ்சம் அதிகமாகப் போகிறது. அந்த உருகல் மேலேறி உறைந்து மேலோடு ஆகிறது. ஆகவே மேலோட்டில் நியோடிமியத்தோடு ஒப்பிட்டால் சமாரியம் குறைவு, எஞ்சிய கவசத்தில் அதிகம். சமாரியம் 147 மெல்ல மெல்ல நியோடிமியம் 143 ஆக மாறுகிறது (அரை ஆயுள் 10,600 கோடி ஆண்டு, பூமியின் வயதைப்போல இருபது மடங்குக்குமேல்). அதனால் காலம் போகப் போகக் கவசத்தில் நியோடிமியம் 143 வேகமாகக் கூடும், மேலோட்டில் மெதுவாகக் கூடும். இன்று இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்த்தால், இரண்டும் எப்போது பிரிந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். அந்தப் பிரிவு நாள்தான் மாடல் வயது. தங்கம் வீட்டுக்கு வந்த நாள்.

இது எதற்குப் பிரமாதமான கருவி என்றால், இந்த இரண்டு தனிமங்களும் ஒரே மின்னூட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவும் கொண்டவை. பாறை சிதைந்து மணலாகட்டும், ஆற்றில் போய்ப் படியட்டும், மறுபடி புதைந்து 800 டிகிரியில் வேகட்டும், இவற்றின் விகிதம் பெரிதாகக் கலைவதில்லை. ரூபிடியம், ஸ்ட்ரான்ஷியம் ஜோடியை இப்படி நம்ப முடியாது. ரூபிடியம் தண்ணீரோடு ஓடிவிடும் ஆள். உயர்வெப்ப உருமாற்றத்தில் அது பாறையை விட்டே வெளியேறிவிடுவது வழக்கம், அதனால் பழைய கிரானுலைட்டுகளில் (மிக உயர்ந்த வெப்பத்தில் உருமாறிய பாறைகளில்) ஸ்ட்ரான்ஷியம் எண்ணை வைத்துப் பூர்வீகம் எழுதுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

சிர்க்கான் என்ற சின்ன, முரட்டுக் கனிமத்தில் யுரேனியத்தையும் அது சிதைந்து வரும் ஈயத்தையும் அளப்பது வேறு கேள்விக்கு. அது அந்தப் படிகம் எப்போது வளர்ந்தது என்று சொல்லும். ஆசாரி தட்டிய நாள். அதே சிர்க்கானுக்குள் லுட்டீசியம், ஹாஃப்னியம் (சமாரியம், நியோடிமியம் மாதிரியே இன்னொரு ஜோடி) அளந்தால் தங்கம் வந்த நாள் பற்றிய தகவல் ஒவ்வொரு படிகத்துக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். ஆக்சிஜன் ஐசோடோப்பு வயது சொல்லாது. அந்தச் சரக்கு எப்போதாவது மேற்பரப்புக்கு வந்து தண்ணீரோடு பழகியதா என்று சொல்லும்.

முதல் படி: கேள்வியை எழுதிக்கொண்டு கிளம்புங்கள்

நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். "இந்த எல்லைக்கு இருபுறமும் இருக்கும் நைஸ் பாறைகள் ஒரே பழைய மேலோட்டிலிருந்து வந்தவையா?" என்பது நல்ல கேள்வி (நைஸ் என்பது பட்டை பட்டையாகத் தெரியும் உருமாறிய பாறை). "இந்தப் பகுதியின் ஐசோடோப்பு ஆய்வு" என்பது கேள்வியே அல்ல, தலைப்பு. கேள்வி தெளிவாக இருந்தால் எத்தனை கல் வேண்டும், எங்கே வேண்டும், எந்தக் கடிகாரம் வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்துவிடும். எல்லையைப் பற்றிய கேள்வி என்றால் எல்லையைக் குறுக்காக வெட்டிப் போகும் ஒரு கோட்டில் இருபுறமும் கல் எடுக்க வேண்டும், சாலை போகிற வசதிக்கு எடுத்தால் ஆகாது.

பாறையின் தோற்றத்தை வைத்து முன்முடிவு செய்யாதீர்கள். சார்னோக்கைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல். கொல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக் கல் அந்த வகை என்பதால் தாமஸ் ஹாலந்து 1893இல் அந்தப் பெயரை வைத்தார். எண்ணெய் பூசியதுபோல் பச்சை கலந்த கருமை, உடைத்தால் உள்ளே மங்கிய மினுமினுப்பு. இந்தத் தோற்றம் பாறை எவ்வளவு சூட்டில், எவ்வளவு வறண்ட நிலையில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. அதன் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டாது. இலங்கையில் உயர்நிலத்திலும் சார்னோக்கைட் உண்டு, வன்னியிலும் உண்டு.

இரண்டாம் படி: கல் எடுப்பது

ஆய்வகத்தில் நடக்கும் பிழையைத் திருத்திவிடலாம். தவறான கல்லைத் திருத்த முடியாது. கல்குவாரியில் புதிதாக வெடித்த முகம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. சாலையோரப் பாறை என்றால் பழுப்பேறிய தோலை முழுக்கத் தட்டி எடுத்துவிட்டு உள்ளே போங்கள். நடுத்தர மணி உள்ள நைஸ் என்றால் ஐந்து கிலோவாவது வேண்டும், கட்டைவிரல் அளவு ஃபெல்ட்ஸ்பார் கண்கள் உள்ள நைஸ் என்றால் அதற்கு இரட்டிப்பு, இல்லையென்றால் உங்கள் பொடியில் ஒரு கண் அதிகமாகவோ குறைவாகவோ விழுந்து விகிதத்தையே மாற்றிவிடும்.

மிக்மடைட், அதாவது பாதி உருகிய பாறை, விஷயத்தில் கூடுதல் கவனம். வெள்ளைப் பட்டை உருகி ஓடிய பகுதி, கறுப்புப் பட்டை மிச்சம் நின்ற பகுதி. இரண்டையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தால் பிறகு எதை அளந்தோம் என்று யாருக்கும் தெரியாது. தனித்தனிப் பை, தனித்தனி எண். எடுக்கப்போகும் முகத்தில் பெயின்ட்டோ மார்க்கரோ படக் கூடாது. எண்ணைப் பையின் மேல் ஒருமுறை, உள்ளே சீட்டில் ஒருமுறை எழுதுங்கள், மழையில் ஒன்று அழிந்தாலும் இன்னொன்று நிற்கும். ஜிபிஎஸ் புள்ளி, பட்டையின் திசை, சாய்வு, பக்கத்துப் பாறையோடு இருக்கும் உறவு எல்லாம் அங்கேயே குறித்துவிட வேண்டும். மெல்லிய சீவல் வெட்ட ஒரு கைப்பிடித் துண்டைத் தனியாக வையுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்க்காத கல்லை ஐசோடோப்புக்கு அனுப்பாதீர்கள், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

மூன்றாம் படி: உடைத்துப் பொடியாக்குவது

இங்கே ஒரே எதிரி முந்தைய ஆளின் கல். சிர்க்கான் படிகம் ஒன்று பெரும்பாலும் 100, 200 மைக்ரான் நீளம்தான், தூசு மாதிரி. அரைவை இயந்திரத்தின் இடுக்கில் அது ஒட்டிக்கொண்டிருந்து உங்கள் பையில் விழுந்தால், உங்கள் பாறைக்கு இல்லாத ஒரு வம்சாவளி முளைத்துவிடும். எனக்கு ஒருமுறை இது நடந்தது. ஒரு கல்லில் எல்லாப் படிகமும் ஒரு வயது, ஒன்றே ஒன்று மட்டும் வேறு வயது. மூன்று வாரம் அதற்குக் கதை யோசித்தேன். கடைசியில் எனக்கு முன்னால் அரைத்தவரின் நோட்டைப் பார்த்தபோது அவருடைய பாறையின் வயது அப்படியே அதுவாக இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே பிரஷ், காற்றுக்குழாய், ஆல்கஹால், பிறகு சுத்தமான குவார்ட்ஸை ஒரு சுற்று அரைத்துக் கொட்டுவது என்று வைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

முழுப்பாறை அளவைக்கு அகேட் உரலில் மாவுபோல அரைக்க வேண்டும். சிர்க்கானுக்கு மாவாக்கக் கூடாது, ரவை பதத்தில் நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: கரைத்து, பிரித்து, அளப்பது

முழுப்பாறைப் பொடி 100 மில்லிகிராம் அளவு போதும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் கலந்து டெஃப்லான் குடுவையில் சூடாக்கிக் கரைப்பார்கள். முதலில் பாதுகாப்பு. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாமல் இருக்கலாம், அதுதான் ஆபத்து, சத்தமில்லாமல் உள்ளே போய் எலும்பு வரை தாக்கி உடம்பின் கால்சியத்தைக் குலைக்கும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கு எட்டும் இடத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். தனியாக இருக்கும்போது தொடவே தொடாதீர்கள். பட்டுவிட்டால் தண்ணீரில் கழுவி, ஜெல்லைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வலிக்கவில்லை என்றாலும்.

கரையாமல் அடியில் தங்குவது பெரும்பாலும் சிர்க்கான், கார்னெட் போன்ற முரட்டுக் கனிமங்கள். நம் ஊர்க் கிரானுலைட்டுகளில் கார்னெட் ஏராளம், அதில் சமாரியம்/நியோடிமியம் விகிதம் மற்றவற்றைவிட மிக அதிகம். அது கரையாமல் விடுபட்டால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். அடியில் ஒரு துளி மண்டி தெரிந்தாலும் அழுத்தக் குடுவையில் போட்டு மறுபடி கரையுங்கள்.

கரைசலில் ஸ்பைக், அதாவது ஒரு ஐசோடோப்பு செறிந்த, அளவு தெரிந்த கரைசல், சேர்த்து (சமாரியம் 149, நியோடிமியம் 150 கலந்தது வழக்கம்), பிசின் நிரப்பிய குழாயில் விடுகிறோம். இந்த இடத்தை ஒருமுறையாவது பொறுமையாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மெலிந்த குழாய், அதன் அடியில் வெண்மையாகப் படிந்த பிசின், முனையில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழுகிறது. முதல் குழாயில் இரும்பும் கால்சியமும் கழிந்து அருமண் தனிமங்கள் மட்டும் திரளும். இரண்டாவது குழாயில் நியோடிமியம் முதலில் இறங்கும், சமாரியம் பின்னால் வரும். எந்த மில்லிலிட்டரிலிருந்து எந்த மில்லிலிட்டர் வரை பிடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குழாய்க்கும் தனியாக அளந்து வைத்திருக்க வேண்டும். பிடிப்பதைக் கொஞ்சம் பிந்தி நிறுத்தினாலும் சமாரியம் கலந்துவிடும், சமாரியத்திலும் 144 நிறையுள்ள ஐசோடோப்பு உண்டு என்பதால் நேராக நம் விகிதத்தில் போய் உட்காரும்.

பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், அணுக்களை நிறைப்படி பிரித்து அளக்கும் கருவி. அன்றைய ஓட்டத்தில், விகிதம் முன்பே தெரிந்த தரச் சாம்பிள் என்ன எண் கொடுத்தது என்று கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஜே.என்.டி.ஐ.-1 என்றால் 0.512115, லா ஹோயா என்றால் 0.511858 வர வேண்டும். அதிலிருந்து விலகியிருந்தால் உங்கள் எண்ணையும் அதே அளவு திருத்த வேண்டும். இந்தியாவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடம், ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம், டெல்லி பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையம் போன்ற இடங்களில் இந்த வகைக் கருவிகள் இருக்கின்றன. ஆராய்ச்சி வழிகாட்டி மூலம் முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

இதை மென்பொருளிடம் விடாமல் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, ஆனால் நிஜப் பாறையில் வரக்கூடிய அளவுதான்.

முதல் கல், உயர்நிலப் பக்கத்துக் கல் மாதிரி: நியோடிமியம் 143/144 விகிதம் 0.511200, சமாரியம் 147/நியோடிமியம் 144 விகிதம் 0.1100. இரண்டாம் கல், விஜயன் பக்கத்துக் கல் மாதிரி: 0.511950, அதே 0.1100. பார்த்தீர்களா, முழு வரலாறும் நான்காவது தசமத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அளவையில் இவ்வளவு கெடுபிடி.

உருகல் கழிந்து வறிதான கவசத்துக்கு இன்றைய மதிப்பு 0.513163, 0.2137 என்று ஒரு மாடல் உண்டு. கல்லின் முதல் விகிதத்திலிருந்து கவசத்தின் முதல் விகிதத்தைக் கழியுங்கள்: கழித்தல் 0.001963. இரண்டாம் விகிதத்திலும் அப்படியே: கழித்தல் 0.1037. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.01893. அதோடு 1 கூட்டி இயற்கை மடக்கை எடுத்தால் 0.01875. அதைச் சிதைவு மாறிலியால், அதாவது ஆண்டுக்கு 6.54 × 10⁻¹² என்பதால் வகுத்தால் சுமார் 287 கோடி ஆண்டு. இரண்டாம் கல்லுக்கு இதே வழியில் சுமார் 178 கோடி.

எப்சிலான் என்று கட்டுரைகளில் வருவது இதே தகவலின் இன்னொரு உடை. உருகாத ஆதிப் பூமிக்கு நிகராக வைக்கப்படும் காண்ட்ரைட் விண்கல் அளவிலிருந்து (0.512638, 0.1967) நம் கல் பத்தாயிரத்துக்கு எத்தனை பங்கு விலகியிருக்கிறது என்பதுதான் அது. 60 கோடி ஆண்டுக்கு முன்னால் இந்த இரண்டு கல்லும் வெந்துகொண்டிருந்தபோது எப்சிலான் எவ்வளவு என்று போட்டால் முதலுக்குக் கழித்தல் 21.4, இரண்டாவதுக்குக் கழித்தல் 6.8 வரும். ஒரே உலை, ஒரே நேரம், சரக்கு வேறு.

இதில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. கவசத்துக்கு எந்த மாடலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வயது நகரும். புவிவேதியியலாளர் டிபாவ்லோ 1981இல் கொடுத்த வளைகோட்டை வைத்து அதே முதல் கல்லைப் போட்டால் 287 கோடி, ஏறத்தாழ 271 கோடி ஆகிவிடுகிறது. கல் மாறவில்லை, நம் அனுமானம்தான் மாறியது. ஆகவே இரண்டு கட்டுரைகளின் மாடல் வயதை ஒப்பிடுமுன் மூல விகிதங்களை எடுத்து நீங்களே ஒரே மாடலில் மறுபடி போட்டுவிடுங்கள். இரண்டாவது, சமாரியம்/நியோடிமியம் விகிதம் கவசத்தின் விகிதத்தை நெருங்க நெருங்கக் கணக்கு தள்ளாடும். 0.512300, 0.1600 என்று ஒரு கல் இருந்தால் 244 கோடி, அந்த 0.1600 என்பது 0.1650 ஆக இருந்திருந்தால் 269 கோடி. அவ்வளவு சின்ன மாற்றத்துக்கு 25 கோடி ஆண்டு! 0.15க்கு மேல் போன கற்களுக்கு மாடல் வயதே எழுதாமல் விடுவது நல்ல பழக்கம்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: கலப்பு. பாட்டியின் தங்கம் பாதி, புதிதாகக் கடையில் வாங்கியது பாதி சேர்த்து உருக்கினால்? மேலே சொன்ன இரண்டு கல்லையும் சரிபாதி கலந்தால் விகிதம் 0.511575, மாடல் வயது சுமார் 232 கோடி. 232 கோடி ஆண்டுக்கு முன் எதுவுமே நடக்கவில்லை! அந்த எண் சராசரி, சம்பவம் அல்ல. இலங்கையின் 220 முதல் 300 கோடி என்ற வீச்சுக்குள்ளும் இப்படிக் கலப்பு இருக்கும், குறிப்பாகப் படிவுப் பாறையாகப் பிறந்து உருமாறியவற்றில், ஏனென்றால் ஓர் ஆறு பல ஊர் மண்ணைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால்தான் அடுத்த படி இல்லாமல் இந்தப் படியை யாரும் முடித்துவிடக் கூடாது.

ஆறாம் படி: சிர்க்கானைக் கேட்பது

ரவை பதத்துப் பாறையை நீர் ஓடும் மேசையில் அலசி, கனமான திரவத்தில் போட்டு மூழ்குவதை எடுத்து, காந்தப் பிரிப்பானில் கார்னெட்டையும் இரும்புக் கனிமங்களையும் கழித்தால் கடைசியில் ஒரு சிட்டிகை மிஞ்சும். அதைத் தட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே நுண் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுதான், அளவு மட்டும் மிக மிகச் சிறியது. தெளிவான, நீளமான, அழகான படிகங்களை மட்டும் எடுக்க மனம் துடிக்கும். படிவுப் பாறையில் அப்படிச் செய்யவே கூடாது. நிறம் மங்கியது, உருண்டது, உடைந்தது எல்லாம் வேறு வேறு ஊர்க்காரர்கள், எல்லோரையும் கூப்பிட்டால்தான் கணக்கெடுப்பு.

பொறுக்கியதை எபாக்ஸியில் பதித்துப் பாதி வரை தேய்த்து, கேத்தோடோலுமினசென்ஸ் படம் (எலக்ட்ரான் கற்றை பட்டுப் படிகம் ஒளிர்வதன் படம்) எடுங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் அது. சாம்பல் திரையில் ஒரு படிகம் தெரிகிறது. நடுவில் மெல்லிய இணைகோடுகள், மர வளையம்போல, மாக்மாவில் வளர்ந்த அடையாளம். அந்தக் கோடுகள் ஓரிடத்தில் சட்டென்று அறுபட்டு நிற்கின்றன. அதைச் சுற்றி வளைந்து நெளிந்து ஒரு வெளிர் விளிம்பு, கோடே இல்லாமல், பூசினாற்போல. உள்ளே இருப்பது பழைய கல்லின் நினைவு, வெளியே இருப்பது உருமாற்றத்தில் முளைத்தது. லேசர் புள்ளியோ அயனிக் கற்றையோ (20 முதல் 50 மைக்ரான் அகலம்) இரண்டின் மேலும் பாதிப்பாதி விழுந்தால் வரும் வயது மறுபடியும் கலப்பு வயது. அதனால் படம் பார்க்காமல் புள்ளி வைக்காதீர்கள், படத்தில் குறித்த இடத்தில்தான் அடித்ததா என்று அடித்த பிறகும் பாருங்கள்.

தோரியம்/யுரேனியம் விகிதம் 0.1க்குக் கீழே இருந்தால் உருமாற்றச் சிர்க்கான் என்று ஒரு விதி சொல்வார்கள். உதவும், ஆனால் மிக உயர்ந்த வெப்பத்தில் வெந்த நம் பக்கத்துப் பாறைகளில் அது அடிக்கடி பொய்க்கும். படத்தையும் விகிதத்தையும் சேர்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

யுரேனியத்தின் இரண்டு ஐசோடோப்புகளும் ஒரே வயதைச் சொல்லும் புள்ளிகளின் கோடு கன்கார்டியா. ஈயம் கசிந்த படிகங்கள் அந்தக் கோட்டிலிருந்து விலகி விழும். அந்த விலகலுக்குக் கோடு இழுத்துப் பொருள் சொல்வதில் நிதானம் வேண்டும். இலங்கையின் பெரும் உருமாற்றம் சுமார் 110 கோடி ஆண்டுக்கு முன் நடந்தது என்றுதான் 1980களின் பிற்பகுதியில் எண்ணினார்கள், இன்னும் நுணுக்கமாக அளந்த பிறகுதான் அது 61 முதல் 55 கோடி என்று இறங்கியது. அளந்தவர்கள் திறமைசாலிகள்தான், பாறை அவ்வளவு சிக்கலானது.

ஹாஃப்னியத்தை அதே புள்ளிக்குப் பக்கத்தில், அதே வளையத்துக்குள் அளக்க வேண்டும். சிர்க்கானில் ஹாஃப்னியம் எடையில் ஒரு சதவீதம் அளவு இருக்கும், லுட்டீசியம் மிக மிகக் குறைவு. அதனால் படிகம் பிறந்தபோது இருந்த விகிதம் அப்படியே உறைந்து நிற்கிறது. முழுப்பாறை நியோடிமியம் கொடுத்த சராசரியை இது உடைத்துக் காட்டும்: ஒரே கல்லில் ஒரே வயதுள்ள படிகங்கள் பரந்த ஹாஃப்னியம் மதிப்புகளைக் கொடுத்தால் அங்கே பழையதும் புதியதும் கலந்திருக்கிறது.

ஒரு செய்தி, நம் ஆட்களுக்குப் பெருமையாக இருக்கட்டும். இந்த அளவைகளுக்கு உலகெங்கும் ஆய்வகங்கள் தரக்கல்லாக வைத்துக்கொள்ளும் சிர்க்கான்களில் சில இலங்கை இரத்தினக் கற்களிலிருந்து வந்தவை. எம்257 என்ற கல் 56.13 கோடி ஆண்டு என்று தீர்ந்தது, பி.ஆர்.266 என்பதும் ஏறத்தாழ அதே வயது. தீவு வெந்த காலத்தில் பிறந்த படிகங்கள்.

ஏழாம் படி: எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது

இப்போது இலங்கைக்குத் திரும்புவோம். உயர்நிலத்தின் தீப்பாறை வம்சத்து நைஸ்களில் சிர்க்கான் வயது ஏறத்தாழ 180 முதல் 200 கோடி. மாடல் வயது அதைவிட மூத்தது. ஆகவே அந்த மாக்மா கவசத்திலிருந்து புதிதாக வந்தது மட்டுமல்ல, அதைவிடப் பழைய மேலோட்டைக் கரைத்துக் குடித்து வந்தது. அங்குள்ள படிவுப் பாறை வம்சத்தவற்றில் ஆறு கொண்டுவந்த சிர்க்கான்கள் சுமார் 320 கோடி ஆண்டு வரை போகின்றன, அந்தப் பழைய மேலோடு எங்கேயோ நிஜமாக இருந்தது என்பதற்குச் சாட்சி. விஜயனில் நைஸ்களின் சிர்க்கான் வயது 100 முதல் 110 கோடி, மாடல் வயதின் கீழ்முனை அதற்கு ஒட்டி 110 கோடியிலேயே தொடங்குகிறது. அங்கே சில பாறைகளில் பாட்டி தங்கம் கிட்டத்தட்ட இல்லை, கடையில் வாங்கியதுதான். இரண்டு வயதுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் பூர்வீகத்தைச் சொல்கிறது, தனியாக ஒரு வயது சொல்வதில்லை. இந்த இரண்டு நிலங்களும் உரசிச் சேர்ந்த எல்லையைத் தாண்டி, விஜயன் நிலத்தின் நடுவே கதிர்காமம் பக்கம் உயர்நிலப் பாறை ஒரு தனித் துண்டாகக் கிடக்கிறது. மேலே ஏறிவந்த பாறைத் தகடு அரித்துப்போன பின் மிஞ்சிய துண்டு அது.

ஆக்சிஜன் எப்போது வேண்டும்? பாறையே இல்லாமல் சிர்க்கான் மட்டும் மிஞ்சியிருக்கும்போது மிகவும் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில், சுமார் 300 கோடி ஆண்டுக்கு முன் படிந்த கூழாங்கல் பாறைக்குள் 437, 440 கோடி ஆண்டு வரை போகும் சிர்க்கான்கள் இருக்கின்றன. அவற்றைப் பெற்ற பாறை உலகில் எங்கேயும் கிடைக்கவில்லை. முழுதாகக் கிடைக்கும் மிகப் பழைய பாறை என்று பொதுவாக எல்லோரும் ஏற்பது கனடாவின் அகாஸ்டா நைஸ், 403 கோடி. கவசத்திலிருந்து நேராக வந்த சிர்க்கானில் ஆக்சிஜன் 18 மதிப்பு (கடல்நீரோடு ஒப்பிட்டு) ஆயிரத்துக்கு 5.3 சுற்றி இருக்கும். ஜாக் ஹில்ஸ் படிகங்கள் சிலவற்றில் அது தெளிவாக அதைவிட மேலே இருக்கிறது. தாழ்ந்த வெப்பத்தில் தண்ணீரோடு வினைபுரிந்த பாறை மறுபடி புதைந்து உருகினால்தான் அப்படி வரும். பூமி தோன்றிச் சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் நீர் இருந்தது என்ற வாதம் ஒரு மயிரிழை அகலப் படிகத்தின் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் விரிசல் விழுந்த, யுரேனியத்தால் சிதைந்த படிகங்களைக் கறாராகக் கழிக்கிறார்கள். நீங்களும் கழியுங்கள், சாம்பிள் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

சரி, நாளைக்கே தொடங்க என்ன செய்யலாம்? ஆய்வக நேரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதியைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளின் அட்டவணைகளிலிருந்து இரண்டு விகிதங்களையும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள், மேலே சொன்ன கணக்கை நீங்களே சூத்திரமாக எழுதுங்கள், 0.15க்கு மேல் உள்ளவற்றைச் சிவப்பில் போட்டு ஒதுக்குங்கள், மிச்சத்தை வரைபடத்தில் இடம் பார்த்து வண்ணமிடுங்கள். தென்காசி பக்கத்துச் செங்கோட்டைக்கு அப்பால், கேரளத்தின் அச்சன்கோவில் பகுதியை முதலில் போட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். இருபுறமும் பழைய மாடல் வயது, நடுவில் ஒரு பட்டை மட்டும் இளையது, அது இலங்கையின் வன்னித் தொகுதியின் சாயலில் இருக்கிறது என்பது பலர் கவனித்த விஷயம். இரண்டையும் ஒரே மாடலில் போட்டு, பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கற்கள் படிவு வம்சம், எந்தக் கற்கள் தீப்பாறை வம்சம் என்று தனி நிறத்தில் பிரியுங்கள். அப்புறம் எந்த இடத்தில் கல்லே எடுக்கப்படவில்லை என்பது வெள்ளையாகத் தெரியும். சுத்தியலை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள்.